மாஸ் எஃபெக்ட்: துப்பாக்கிச் சண்டையும் கதையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் எட்மன்டன் நகரில் இருக்கும் பயோவேர் நிறுவனம் உருவாக்கிய மாஸ் எஃபெக்ட் என்ற வீடியோ கேம் தொடர் மூன்று பாகங்களாக 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் வந்தது. மூன்றையும் மெருகேற்றி ஒன்றாகக் கட்டிய லெஜண்டரி எடிஷன் 2021 மே மாதம் வெளியானது. தள்ளுபடியில் அதை வாங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஏழாவது கேள்வியிலிருந்து கதையின் பெரிய திருப்பங்கள் உடையும். புதிதாக ஆடப்போகிறவர்கள் ஆறோடு நிறுத்திக்கொள்ளலாம்.

1. இது ஷூட்டிங் கேமா, கதை கேமா?

இரண்டும்தான். கமாண்டர் ஷெப்பர்ட் என்ற ராணுவ அதிகாரி நீங்கள். ஆணா பெண்ணா, முகம் எப்படி, எங்கே வளர்ந்தவர் என்பதெல்லாம் உங்கள் விருப்பம். ஒரு விண்கலம், அதில் ஒரு குழு, சண்டைக்குப் போகும்போது கூடவே இருவர். ரீப்பர்கள் என்ற ராட்சத இயந்திரங்கள் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து, வளர்ந்த நாகரிகங்களைத் துடைத்தெறிந்துவிட்டுப் போகின்றன. அடுத்த முறை நம்முடையது.

பாதி நேரம் சுவருக்குப் பின்னால் பதுங்கிச் சுடுவீர்கள். மீதி நேரம் பேசுவீர்கள். இந்த இரண்டு பாதியும் எந்த இடங்களில் ஒன்றையொன்று தொட்டன, எங்கே விலகிப் போயின என்று பார்த்தாலே இந்தத் தொடரின் வெற்றியும் சறுக்கலும் புரிந்துவிடும். கீழே வரும் பதில்கள் எல்லாமே ஏதோ ஒருவிதத்தில் அதைப் பற்றித்தான்.

2. முதல் பாகத்தில் குறி வைத்துச் சுட்டாலும் படவே மாட்டேன் என்கிறதே?

உங்கள் கை மேல் பிழையில்லை. இதே நிறுவனம் 2003-இல் ஒரு விண்வெளி ரோல்-பிளேயிங் கேம் செய்திருந்தது. அதில் திரைக்குப் பின்னால் பகடை உருளும். அடி படுமா படாதா என்பதைக் கணக்கு தீர்மானிக்கும். அந்தப் பழக்கத்திலிருந்து முழுதாக வெளிவராமலேயே மாஸ் எஃபெக்டின் முதல் பாகத்தைச் செய்தார்கள். நீங்கள் குறி வைக்கலாம், ஆனால் துப்பாக்கித் திறனில் புள்ளி போடாதவரை குறிவட்டம் அகன்றே கிடக்கும், ஸ்னைப்பர் ஊசலாடும். பார்வைக்கு ஷூட்டர், உள்ளே பழைய கணக்கு. விளையாடுபவருக்கு எரிச்சல் வருவது நியாயம்.

லெஜண்டரி எடிஷனில் இதை நன்றாகவே சீர்செய்திருக்கிறார்கள். எந்த வகுப்பை (அதாவது ஷெப்பர்டின் சண்டைப் பாணியை) எடுத்தாலும் எந்தத் துப்பாக்கியையும் தூக்கலாம், ஸ்னைப்பரின் ஊசலாட்டம் குறைந்திருக்கிறது. மாக்கோ என்ற ஆறுசக்கர வண்டியும் இப்போது பந்து மாதிரி துள்ளுவதில்லை. பொருட்பெட்டி மட்டும் அதே பழைய தலைவலி. ஒரே துப்பாக்கி பத்துப் படிநிலைகளில் வந்து குவியும், 150 பொருள் சேர்ந்ததும் ஒவ்வொன்றாக உருக்கிக்கொண்டு உட்கார வேண்டும்.

3. முதல் பாகத்தில் தோட்டா தீரவே தீராது. அடுத்ததில் ஏன் தீர்கிறது?

முதல் பாகத்தின் கதை உலகில் துப்பாக்கிக்குள் ஒரு உலோகக் கட்டி இருக்கும். அதிலிருந்து மணலளவு துகளைச் சீவி, அதன் நிறையைக் குறைத்து, அசுர வேகத்தில் எறிவார்கள். தொடரின் பெயருக்குக் காரணமான அதே இயற்பியல்தான். எனவே தோட்டா தீராது, துப்பாக்கி சூடேறும். சூடேறினால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சண்டையின் விதியும் உலகத்தின் விதியும் ஒன்றாக இருந்த அழகான ஏற்பாடு இது.

சிக்கல் என்னவென்றால், ஆட்டத்தின் பிற்பகுதியில் அது உடைந்துவிடும். நல்ல ரைஃபிளில் சூடு குறைக்கும் உதிரியை இரண்டு மாட்டினால் விரலை எடுக்காமல் சுட்டுக்கொண்டே இருக்கலாம். அதற்குப் பிறகு ஏன் பதுங்க வேண்டும், ஏன் பவர் எனப்படும் சிறப்புத் திறன்களைப் பயன்படுத்த வேண்டும்?

அதனால் இரண்டாம் பாகத்தில் வெப்பக் கட்டிகளைக் கொண்டுவந்தார்கள். சூட்டை வாங்கிக்கொள்ளும் கட்டி நிறைந்ததும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக மாட்ட வேண்டும். பேச்சுக்கு வெப்பம், நடைமுறையில் தோட்டாவேதான். சண்டைக்கு இது நல்லது: கட்டி தேடி நீங்கள் மறைவை விட்டு வெளியே வந்தாக வேண்டும், கையிலிருப்பது தீர்ந்தால் வேறு துப்பாக்கிக்கு மாற வேண்டும். உலகக் கட்டுமானத்துக்குத்தான் அடி. குழுவில் ஒருவரான ஜேக்கப்பின் தனிக்கதையில் பத்தாண்டுகளுக்கு முன் விழுந்து நொறுங்கிய ஒரு கப்பலுக்குப் போவீர்கள்; இரண்டே ஆண்டுகளுக்குள் புழக்கத்துக்கு வந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கட்டிகள் அங்கேயும் சிதறிக் கிடக்கும். ரசிகர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

4. எதிரியின் தலைக்கு மேல் நீலம், ஊதா, மஞ்சள் பட்டைகள் எதற்கு?

இரண்டாம் பாகத்தின் மொத்தச் சண்டையும் அந்தப் பட்டைகளில்தான் இருக்கிறது. நீலம் ஷீல்டு, ஊதா பேரியர், மஞ்சள் ஆர்மர், சிவப்பு உயிர். ஷீல்டை ஓவர்லோட் என்ற பவர் உடைக்கும். பேரியரையும் ஆர்மரையும் வார்ப் அரிக்கும். ஆர்மரை இன்சினரேட் எரிக்கும். வேகமாகச் சுடும் சின்னத் துப்பாக்கி ஷீல்டுக்கு நல்லது, ஒற்றைக் குண்டாக ஓங்கி அடிப்பது ஆர்மருக்கு நல்லது.

இதன் பலன் சண்டையோடு நிற்பதில்லை. யாரைக் கூட்டிப்போவது என்பது இப்போது விருப்பம் மட்டுமல்ல, தேவையும் ஆகிறது. கெத் ரோபோக்கள் இருக்கும் இடத்துக்கு ஓவர்லோட் தெரிந்த ஆள் இல்லாமல் போனால் திண்டாட்டம். நீங்கள் வீரத்துக்காகச் சேர்த்துக்கொண்ட ஆள், பத்து மணி நேரத்தில் உங்களுக்குப் பழகிய ஆளாகிவிடுகிறார். அவர் குரல், அவர் நக்கல், எல்லாம் ஒட்டிக்கொள்கிறது.

குறையும் உண்டு. பட்டை மிச்சமிருக்கும்வரை எதிரியைத் தொடாமலேயே தூக்கி எறியும் பயோட்டிக் பவர்கள் பெரும்பாலும் பலிக்காது. இன்சானிட்டி என்ற உச்சக் கடினத்தில் கிட்டத்தட்ட எல்லாருக்குமே ஏதாவது ஒரு காப்பு இருக்கும். ஆகவே பயோட்டிக் பவர்களையே நம்பியிருக்கும் அடெப்ட் வகுப்பை எடுத்தவர், தன் வகுப்பின் சிறப்பே வேலைக்கு ஆகாமல் கைத்துப்பாக்கியோடு நிற்பார். மூன்றாம் பாகம் இதைச் சரிசெய்தது. வார்ப் போட்டு, அதன் மேல் த்ரோ எறிந்தால் பயோட்டிக் வெடிப்பு. அது காப்போடு சேர்த்து ஆளைக் கிழிக்கும்.

5. எந்த வகுப்பை எடுக்கலாம்?

வேன்கார்ட். யோசிக்காமல் எடுங்கள்.

காரணம் வேண்டுமென்றால்: இரண்டாம், மூன்றாம் பாகங்களில் வேன்கார்டுக்கு சார்ஜ் என்ற பவர் உண்டு. தூரத்தில் நிற்கும் எதிரி மேல் மின்னலாகப் போய் மோதுவீர்கள், மோதிய கணமே உங்கள் காப்பு நிரம்பும். மூன்றாம் பாகத்தில் அதோடு நோவா சேர்கிறது. அது அந்தக் காப்பைச் செலவழித்துச் சுற்றியிருப்பவர்களைத் தூக்கி அடிக்கும். காப்பு போனதும் மறுபடி சார்ஜ். எல்லாரும் சுவருக்குப் பின்னால் பதுங்கும் கேமில் சுவரையே மறந்து ஆட விடுகிறது இந்த வகுப்பு. கனமான துப்பாக்கிகளை மட்டும் சுமக்காதீர்கள். மூன்றாம் பாகத்தில் எடை கூடினால் பவர் திரும்ப வரும் நேரமும் கூடும்.

முதல் பாகத்தில் வேன்கார்ட் சுமார்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

6. நான் தேர்ந்தெடுத்தது ஒன்று, ஷெப்பர்ட் பேசுவது இன்னொன்று. ஏன்?

பேசும்போது திரையில் வரும் தேர்வுச் சக்கரமான டைலாக் வீலில் தெரிவது வசனத்தின் சாரம் மட்டும். முழு வசனத்தையும் முன்கூட்டியே காட்டிவிட்டால், படித்ததையே நடிகர் குரலில் இரண்டாவது தடவை கேட்க வேண்டிவரும்; பேச்சின் ஓட்டம் போய்விடும். மார்க் மியர், ஜெனிஃபர் ஹேல் என்ற இருவர் ஆண், பெண் ஷெப்பர்டுக்கு முழுக் குரல் கொடுத்திருப்பதால் இந்த ஏற்பாடு அவசியமானது. ஹேலின் குரலில் ஆடிப் பாருங்கள் என்பது என் சிபாரிசு.

சக்கரத்தில் இடம் மாறாது. இடப்பக்கம் விசாரிக்க, வலப்பக்கம் பேச்சை நகர்த்த. வலது மேலே கனிவு, கீழே கடுமை. ஒரு மணி நேரத்தில் விரல் தானாகப் போகும். அதில்தான் ஆபத்தும் இருக்கிறது: படிக்காமலேயே மேலே தள்ளப் பழகிவிடுவீர்கள். எழுத்தாளர்கள் மெனக்கெட்டு எழுதிய இக்கட்டு, மேலா கீழா என்ற கேள்வியாகச் சுருங்கிப்போகும். இரண்டாம் பாகம் இதற்குள் பழிவாங்கும் ஒரு விதியையும் வைத்தது. கனிவுக்கான பாரகன் புள்ளியோ கடுமைக்கான ரெனிகேட் புள்ளியோ போதுமான விகிதத்தில் சேராவிட்டால், முக்கியமான வசனங்கள் மங்கலாகிவிடும், தேர்ந்தெடுக்க முடியாது. ஆகவே ஆளுக்குத் தக்கபடி கனிவாகவும் கடுமையாகவும் நடந்துகொண்ட நேர்மையான ஆட்டக்காரர்தான் தண்டிக்கப்பட்டார். மூன்றாம் பாகத்தில் இரண்டையும் கூட்டி ‘மதிப்பு’ என்று ஒன்றாக்கினார்கள். கலந்து ஆடுவதென்றால் அங்கே தாராளமாக ஆடலாம்.

7. பேசியே சண்டையைத் தவிர்க்க முடியுமா?

சில இடங்களில் முடியும், அந்த இடங்கள்தான் தொடரின் மகுடங்கள்.

முதல் பாகத்தின் விர்மைர் கிரகம். க்ரோகன் இனத்தைப் பிள்ளைப்பேறு அருகிப்போகச் செய்யும் ஜெனோஃபேஜ் என்ற நோய்க்கு மருந்து அங்கே தயாராகிறது. எதிரியின் கையில் இருக்கிறது, அழித்தாக வேண்டும். உங்கள் குழுவில் இருக்கும் க்ரோகன் ரெக்ஸ் துப்பாக்கியை உங்கள் பக்கம் திருப்புகிறார். பேச்சுத் திறனில் புள்ளி போட்டிருந்தாலோ, முன்பே அவருடைய குடும்பக் கவசத்தைத் தேடிக் கொடுத்திருந்தாலோ அவர் அடங்குவார். இல்லையென்றால் அந்தக் கடற்கரையிலேயே சாகக்கூடும். முதல் பாகத்தில் பேச்சுத் திறனும் துப்பாக்கித் திறனும் ஒரே உண்டியலிலிருந்து புள்ளி எடுப்பவை என்பதைக் கவனியுங்கள். குறி துல்லியமாக வேண்டுமென்று எல்லாவற்றையும் அங்கே கொட்டியவர், நண்பனோடு பேச வார்த்தையில்லாமல் நிற்கிறார்.

கடைசியில் வில்லன் சாரனோடும் பேசலாம். ரீப்பர் உன் மூளைக்குள் புகுந்துவிட்டது என்று அவருக்கு உணர்த்த முடிந்தால், தன்னைத்தானே சுட்டுக்கொள்வார். இறுதிச் சண்டையின் முதல் பகுதியே நடக்காது. பிணத்தை ரீப்பர் எழுப்பிவிடுவதால் அடுத்த பகுதியை ஆடித்தான் ஆக வேண்டும். அந்த இரண்டாம் பகுதி எனக்குத் தேவையற்றதாகவே பட்டது. பெரிய சண்டை இல்லாமல் முடித்தால் ஆட்டக்காரர் ஏமாந்துபோவார் என்ற பயம் தெரிகிறது.

8. இரண்டாம் பாகத்தின் தற்கொலைப் பணியை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்?

கேரக்டர்களை நீங்கள் எவ்வளவு புரிந்துவைத்திருக்கிறீர்கள் என்பதற்கு அது ஒரு தேர்வு. கேள்வித்தாள் சண்டை வடிவில் வருகிறது, அவ்வளவுதான்.

இரண்டாம் பாகத்தின் கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஆள் சேர், அவர்கள் மனதிலுள்ள பாரத்தை இறக்கு, திரும்பி வர முடியாத இடத்துக்குக் கூட்டிப்போ. கூடுதல் உள்ளடக்கத்தோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு விசுவாசக் கதை; அதை முடித்துக் கொடுத்தால் அவர் விசுவாசம் உங்களுக்கு. இதற்கிடையே கப்பலின் கவசம், ஷீல்டு, பீரங்கி ஆகியவற்றை மேம்படுத்த கிரகம் கிரகமாகக் கனிமம் தேட வேண்டும். அந்த வேலை மகா அறுவை, ஆனால் தவிர்த்தால் விலை உண்டு. மேம்படுத்தாத ஒவ்வொரு பாகத்துக்கும் ஒருவர், தரையிறங்குவதற்கு முன்பே சாவார்.

இறங்கியபின் வேலைகளைப் பிரித்துக் கொடுப்பீர்கள். குழாய்க்குள் ஊர்ந்துபோய்க் கதவு திறக்க ஒரு தொழில்நுட்ப ஆள். ஜேக்கப் நானே போகிறேன் என்று முன்வருவார்; அனுப்பினால் ஒருவர் உயிர் போகும். போக வேண்டியது டாலி, லீஜியன், கசுமி மூவரில் ஒருவர். அடுத்து, பூச்சிக்கூட்டத்துக்கு எதிராகப் பயோட்டிக் திரை பிடிக்க ஒருவர். யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்கிறாற்போல மிராண்டா பேசுவார். அவர் அப்படித்தான் பேசுவார் என்பது முப்பது மணி நேரமாக உங்களுக்குத் தெரியும். ஜாக் அல்லது சமாராதான் தாங்குவார்கள். இரண்டாவது அணிக்குத் தலைமை ஏற்க காரஸ் சரி. தன்னம்பிக்கை ததும்பக் கை தூக்குபவரை நம்பினால் ஆள் போகும்.

கடைசிக் கட்டம்தான் உச்சம். நீங்கள் இருவரோடு உள்ளே போக, மற்றவர்கள் வாசலில் நின்று எதிரியைத் தடுக்க வேண்டும். இங்கே ஒரு மறைகணக்கு ஓடுகிறது. காரஸ், கிரண்ட், ஸயீத் ஆகியோருக்குத் தலா 4 மதிப்பு. மிராண்டா, ஜேக்கப், தேய்ன், சமாரா, லீஜியன் ஆகியோருக்கு 2. டாலி, மோர்டின், கசுமி, ஜாக் ஆகியோருக்கு 1. விசுவாசம் பெறாதவருக்கு ஒன்று குறையும். நிற்பவர்களின் சராசரி போதாவிட்டால் பலவீனமானவர்கள் சாகத் தொடங்குவார்கள், மோர்டின்தான் வரிசையில் முதலில்.

இதிலுள்ள குறும்பைப் பாருங்கள். இருபது வருடமாக வீடியோ கேம் சொல்லிக்கொடுத்த பாடம், இறுதிச் சண்டைக்கு ஆகச் சிறந்த ஆட்களைக் கூட்டிப்போ என்பது. அப்படி காரஸையும் கிரண்டையும் கூட்டிப்போனால் வாசல் காலியாகிறது. நல்ல தளபதியாக இருக்க வேண்டுமென்றால் டாலியையும் மோர்டினையும் போன்றவர்களை அழைத்துக்கொண்டு, நீங்கள்தான் கூடுதலாகத் திணற வேண்டும். வசதியைத் தியாகம் செய்வது கதையில் ஒரு வசனமாக வராமல், உங்கள் கையில் சண்டையாகவே வருகிறது. உயிர் பிழைத்தவர்கள் இருவருக்கும் குறைவென்றால் ஷெப்பர்டும் சாவார், அந்தச் சேவ் ஃபைலை அடுத்த பாகத்துக்குக் கொண்டுபோக முடியாது.

(இத்தனைக்கும் பிறகு வரும் இறுதி எதிரி ஒரு பிரம்மாண்ட மனித எலும்புக்கூடு ரோபோ. அதைப் பற்றிப் பேசாமலிருப்பதே மரியாதை.)

9. முந்தைய பாகங்களில் எடுத்த முடிவுகள் மூன்றாம் பாகத்தில் உண்மையிலேயே பேசுகின்றனவா?

க்ரோகன்களின் தாய்க்கிரகமான டுச்சாங்காவில் பேசுகின்றன, அதுவும் கன்னத்தில் அறைந்து. க்ரோகன் நோயைக் குணமாக்குவதா, குணமாக்கியதாக ஏமாற்றுவதா என்பது கேள்வி. ரெக்ஸ் உயிரோடிருந்தால் க்ரோகன்களின் தலைவர் அவர், நிதானமானவர். விர்மைரில் செத்திருந்தால் அந்த நாற்காலியில் ரீவ் என்ற போர்வெறியன். இரண்டாம் பாகத்தில் ஒரு ஆய்வுத் தரவை அழித்திருந்தால், ஈவ் என்று அழைக்கப்படும் க்ரோகன் பெண் பிழைக்கமாட்டார். ரெக்ஸும் ஈவும் இருக்கும்போது ஏமாற்றுவது துரோகம். இருவருமில்லாமல் ரீவ் மட்டும் இருக்கும்போது, ஏமாற்றுவது சரியோ என்று மருந்து தயாரிக்கும் விஞ்ஞானி மோர்டினே ஏற்கக்கூடும். அப்படியென்றால் அவர் உயிரும் தப்பும். ஐந்து வருடம் முன்பு எடுத்த முடிவு, இன்றைய முடிவின் அறத்தையே மாற்றுகிறது. வீடியோ கேமில் இது மிக அரிது.

ரான்னாக் கிரகத்தில் கெத்துக்கும் அவற்றைப் படைத்த குவாரியன்களுக்கும் சமாதானம் செய்வதும் இதே ரகம். டாலி, லீஜியன் இருவரும் பிழைத்திருக்க வேண்டும், இன்னும் பல சின்ன விஷயங்கள் சேர்ந்திருக்க வேண்டும். தவறவிட்டால் ஓர் இனமே அழியும்.

10. மூன்றாம் பாகத்தின் கதை முடிவு ஏன் இவ்வளவு திட்டு வாங்கியது?

டுச்சாங்காவைச் செய்தவர்களே இதையும் செய்தார்கள் என்பதால்தான். மூன்று பாகங்களில் நீங்கள் சேர்த்த நண்பர்கள், இனங்கள், படைகள் எல்லாம் கடைசியில் ராணுவ வலிமை என்ற ஒரே எண்ணாகக் கூட்டப்படுகின்றன. ரெக்ஸின் க்ரோகன் படை இத்தனை புள்ளி, கெத் கப்பல்கள் இத்தனை புள்ளி. லண்டன் தெருக்களில் நடக்கும் இறுதிச் சண்டையில் அவர்கள் வந்து உங்களோடு நின்று சுடுவார்கள் என்று எதிர்பார்த்தால், அந்த எதிர்பார்ப்புக்கேற்ற காட்சி இல்லை. தற்கொலைப் பணியில் யார், எங்கே, எதற்கு என்று கேட்ட கேம், இங்கே எவ்வளவு என்று மட்டும் கேட்டது.

அதற்குமேல், மல்டிபிளேயர் ஆடாதவர்களுக்கு அந்த எண் பாதியாக எண்ணப்பட்டது. பிறகு புதிதாக முளைக்கும் ஒரு பாத்திரம் மூன்று வழிகளை விளக்குகிறது: ரீப்பர்களை அழி, ஆட்கொள், இயந்திரமும் உயிரும் கலக்கட்டும். கெத்–குவாரியன் சமாதானத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவரிடம், படைத்தவனும் படைக்கப்பட்டதும் ஒத்துவாழவே முடியாது என்று அது வாதிடுகிறது; மறுத்து வாதாட அன்று ஷெப்பர்டுக்கு வசனமில்லை.

எதிர்ப்பு வலுத்ததும் 2012 ஜூனில் இலவசமாக எக்ஸ்டெண்டட் கட் வந்தது. மூன்றையும் மறுக்கும் நான்காவது வழி, யார் என்ன ஆனார்கள் என்ற விளக்கம் இரண்டும் சேர்ந்தன. லெஜண்டரி எடிஷனில் மல்டிபிளேயரே கிடையாது, எண் சேர்ப்பது ஒற்றை ஆளாகவே முடியும். கசப்பு குறைந்திருக்கிறது, முழுக்கப் போகவில்லை. அங்கே ஒழுங்கான இறுதிச் சண்டை இல்லாததை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். களைத்துக் காயம்பட்ட ஷெப்பர்ட் கைத்துப்பாக்கியோடு நொண்டி நடப்பது அந்த இடத்துக்குப் போதும்.

11. எனக்குச் சண்டை வராது. கதை மட்டும் பார்க்கலாமா?

மூன்றாம் பாகத்தின் தொடக்கத்திலேயே கேட்பார்கள்: ஆக்ஷன், ரோல்-பிளேயிங், ஸ்டோரி. ஆக்ஷனை எடுத்தால் வசனங்களை கேமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். ஸ்டோரியை எடுத்தால் சண்டை சாதுவாகிவிடும். முதல் இரண்டு பாகங்களில் கேஷுவல் கடினத்தில் ஆடலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆக்ஷன் மட்டும் வேண்டாம். ரெக்ஸிடம் என்ன பேசுவது என்பதை இன்னொருவர் முடிவு செய்தால் பிறகு இந்த கேமில் என்ன இருக்கிறது?

12. முதல் பாகத்தைத் தாண்டி நேரே இரண்டிலிருந்து தொடங்கலாமா?

தொடங்கலாம். முக்கிய முடிவுகளைக் கேட்டுப் பதிந்துகொள்ளும் ஒரு குட்டிச் சித்திரக்கதை லெஜண்டரி எடிஷனில் உண்டு. ஆனால் ரெக்ஸைக் காப்பாற்றினாயா என்று படக்கதையில் டிக் அடிப்பதும், அவர் துப்பாக்கிக்கு முன் நின்று வியர்ப்பதும் ஒன்றாகாது. நேரமில்லையென்றால் முதல் பாகத்தில் ஆளில்லாக் கிரகங்களை விட்டுவிட்டு முக்கியக் கதையை மட்டும் ஓட்டுங்கள், ரெக்ஸின் கவசத்தை மட்டும் மறக்காமல் எடுத்துக் கொடுங்கள்.

13. ஆண்ட்ரோமெடா?

2017-இல் வந்த அது தனிக்கதை, ஷெப்பர்ட் கிடையாது. ஜெட்பேக்கில் எம்பி, வகுப்புகளை நினைத்த நேரத்தில் மாற்றி ஆடும் சண்டை, நான்கு கேம்களிலும் அதில்தான் ஆகச் சுகமானது. கூட வருபவர்களின் பெயர்களை நினைவுபடுத்திக்கொள்ளத்தான் எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.